அழாத குழந்தையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்: கைக்குழந்தையை எப்போது மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போவது?

என் இளையவன் பிறந்து 19 நாள் ஆகியிருந்தது. இரண்டு மணிக்கொரு தரம் வீட்டையே எழுப்புகிறவன் அன்று பகல் முழுக்கத் தூங்கினான். எல்லோருக்கும் நிம்மதி. நானும் அசந்துவிட்டேன். சாயங்காலம் குளிப்பாட்ட வந்த மாமியார்தான் உள்ளங்காலைச் சுண்டிப் பார்த்துவிட்டு, “ஏம்மா, இது தூக்கமில்லம்மா. சுண்டினாகூட சிணுங்க மாட்டேங்குறானே” என்றார். காய்ச்சலே இல்லை, உடம்பு சில்லென்று இருந்தது. பக்கத்துத் தெரு கிளினிக்கில் காட்டினோம். ‘வயிறு நிறைஞ்ச தூக்கம்’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மாமியார் விடவில்லை. அன்றிரவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனதும், ரத்தத்தில் கிருமித் தொற்று என்று உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். பன்னிரண்டு நாள் இருந்தோம்.

அந்தப் பன்னிரண்டு நாளில் வார்டுச் செவிலியர்களிடமும் மருத்துவர்களிடமும் கேட்டுக் கேட்டுக் கற்றதும், அப்புறம் இத்தனை வருடமாகத் தெரிந்துகொண்டதும்தான் இங்கே இருக்கிறது. இதைப் படித்து வீட்டிலேயே வைத்தியம் பார்க்க வேண்டாம். எப்போது கிளம்புவது என்று முடிவெடுக்க மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே கிளம்புங்கள், மீதியைப் பிறகு படியுங்கள்

- பால் குடிக்கவே இல்லை, அல்லது குடித்ததெல்லாம் வாந்தியாகிறது
- எழுப்பினாலும் சரியாக விழிக்கவில்லை, கை கால் துவண்டு கிடக்கிறது
- வலிப்பு வந்தது
- மூச்சுக்குத் திணறுகிறது, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுகிறது, உதடோ நாக்கோ நீலமாகிறது
- வாந்தி பச்சை நிறத்தில் வருகிறது
- மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காய்ச்சல்

ஆம்புலன்ஸுக்கு இந்தியாவில் 108, இலங்கையில் 1990 என்ற எண். வண்டி வருவதற்குள் பக்கத்து வீட்டுக் கார் கிடைத்தால் அதில் கிளம்பிவிடுங்கள்.

படி 1: வயதை நாள் கணக்கில் சொல்லிப் பாருங்கள்

மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி ‘என்ன செய்யுது?’ என்பதல்ல, ‘எத்தனை நாள்?’ என்பதுதான். எனக்கு அப்போது அது வெறும் சம்பிரதாயமாகத் தோன்றியது. ஒரே அறிகுறிக்கு 20 நாள் குழந்தையிடம் ஓர் அர்த்தம், 10 மாதக் குழந்தையிடம் வேறு அர்த்தம்.

பத்து மாதக் குழந்தைக்கு 101 டிகிரி இருந்து, சிரித்து விளையாடிக்கொண்டிருந்தால் ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாம். அதே 101 ஒரு மாதக் குழந்தைக்கு வந்தால், அது சிரித்தாலும் அந்த நேரமே கிளம்ப வேண்டும். அந்த வயதில் நோய் எதிர்ப்புச் சக்தி முழுமையாக வந்திருக்காது. ரத்தத்தில் நுழைந்த கிருமி சில மணி நேரத்தில் மூளை உறை வரை போய்விடலாம். குறைமாதத்தில் பிறந்தது, எடை குறைந்து பிறந்தது, இதயக் கோளாறு உள்ளது என்றால் இன்னும் முன்கூட்டியே போக வேண்டும்.

படி 2: நன்றாக இருக்கும் நாளிலேயே பார்த்து வையுங்கள்

நோய் வந்த பிறகு எது சாதாரணம் என்று தேடினால் கிடைக்காது. ஆரோக்கியமான குழந்தை செய்யும் பல காரியங்கள் நோய் மாதிரியே இருக்கும். அடிக்கடி தும்மும். விக்கல் வரும். பால் குடித்ததும் கொஞ்சம் கக்கும். தூக்கத்தில் நாலைந்து தரம் வேகமாக மூச்சு விட்டு, ஐந்து பத்து விநாடி நிறுத்தி, மறுபடி விடும். சத்தம் கேட்டால் இரண்டு கையையும் விரித்துத் தூக்கிவாரிப் போடும். பிறந்த முதல் வாரத்தில் பெண் குழந்தைக்குப் பிறப்புறுப்பிலிருந்து சொட்டு ரத்தம் படலாம். ஆணோ பெண்ணோ, மார்பு லேசாக வீங்கியிருக்கலாம். அதைப் பிதுக்கிப் பால் எடுக்கிற வழக்கம் மட்டும் வேண்டாம், சீழ் கட்டிவிடும்.

மலத்தைப் பற்றித்தான் அதிகம் பயப்படுகிறார்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஒரு நாளில் எட்டுத் தடவை போகலாம். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு ஐந்து நாளுக்கு ஒரு முறையும் போகலாம். எடை ஏறி, வயிறு உப்பாமல், பால் குடித்துக்கொண்டிருந்தால் இரண்டும் சரிதான்.

இரண்டு கணக்கை மட்டும் மனதில் வையுங்கள்: 24 மணி நேரத்தில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால், ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஆறு முறையாவது சிறுநீர்.

படி 3: பால் குடிப்பதையும் விழிப்பையும் கவனியுங்கள்

என்னிடம் ஒரே ஒரு அறிகுறியைத்தான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். கைக்குழந்தைக்குப் பால் குடிப்பது பெரிய உடலுழைப்பு. உறிஞ்ச வேண்டும், விழுங்க வேண்டும், இடையில் மூச்சும் விட வேண்டும். உடம்பில் எங்கே கோளாறு என்றாலும் முதலில் தளர்வது அந்த உழைப்பு. வழக்கமாகக் குடிப்பதில் பாதிகூடக் குடிக்கவில்லை, இரண்டு வேளை தொடர்ந்து மார்பைத் தொடவில்லை, நாலு உறிஞ்சலில் களைத்து வியர்க்கிறது என்றால் அது ‘பசியில்லை’ என்பதல்ல. மூன்று மாதத்துக்குள் என்றால் அன்றைக்கே காட்டுங்கள்.

தூக்கத்தையும் சோர்வையும் பிரிப்பது எளிது. துணியைக் கழற்றுங்கள், உள்ளங்காலைச் சுண்டுங்கள், ஈரத் துணியால் முகத்தைத் துடையுங்கள். தூங்கும் குழந்தை கோபப்படும். நோயுற்ற குழந்தை லேசாக நெளிந்துவிட்டு மறுபடி மயங்கும், அல்லது அசையவே அசையாது. வீரிட்டு அழும் குழந்தைக்கு அழுவதற்காவது தெம்பு இருக்கிறது. வார்டில் எங்கள் பக்கத்துப் படுக்கைகளில் இருந்ததெல்லாம் சத்தமே போடாத பிள்ளைகள்.

அழுகையிலும் ஒரு வகை உண்டு. தூக்கி மடியில் வைத்தால் அடங்க வேண்டிய அழுகை, தூக்கினால் அதிகமாகிறது, கீச்சென்று உச்சக் குரலில் வருகிறது என்றால் தாமதிக்காதீர்கள். நிமிர்த்தி உட்கார வைத்து, அழாத நேரத்தில் உச்சிக்குழியைத் தடவுங்கள். புடைத்து விம்மியிருந்தால் மூளை உறையில் தொற்று இருக்கலாம். பள்ளமாக இறங்கியிருந்தால் நீர் வற்றிவிட்டது.

படி 4: மூச்சை எண்ணுங்கள்

இதற்கு ஒரு கடிகாரம் போதும். குழந்தை அழாமலும் பால் குடிக்காமலும் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்க வேண்டாம். குழந்தையின் மூச்சு ஒரே சீராக வராது, கணக்குத் தப்பிவிடும்.

இரண்டு மாதத்துக்குள் 60 அல்லது அதற்கு மேல் என்றால் வேக மூச்சு. இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50. ஒரு வயது முதல் ஐந்து வயதுக்குள் 40. கிராம சுகாதாரச் செவிலியர்கள் நிமோனியாவைக் கண்டுபிடிக்கக் கையில் வைத்திருக்கும் கணக்கும் இதுதான். பச்சிளம் குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல் வந்தால், கொஞ்சம் விட்டு இன்னொரு முறை எண்ணுங்கள். மறுபடியும் அப்படியே வந்தால் கிளம்புங்கள்.

எண்ணுவதோடு விலாவின் கீழ்ப்பகுதியையும் பாருங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சின் அடிப்பாகம் உள்ளே குழிந்தால் நுரையீரல் போராடுகிறது என்று அர்த்தம். மூக்குத் துவாரம் விரிவது, மூச்சு விடும்போது ‘ம்ம்’ என்று முனகல் கேட்பது, இருபது விநாடி மூச்சே நிற்பது எல்லாம் ஆபத்தானவை. வெறும் மூக்கடைப்புக்கு ‘கர்கர்’ என்று சத்தம் வரும், ஆனால் நெஞ்சு குழியாது, பாலும் இறங்கும். அதற்கு மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர் மூக்குச் சொட்டு போதும்.

குளிரில் கையும் காலும் நீலம் பூப்பது சாதாரணம். நாக்கும் உதடும் நீலமானால் ஆக்சிஜன் குறைகிறது. பெரியவர்கள் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைக் குழந்தை விரலில் மாட்டி, அது காட்டும் எண்ணை நம்ப வேண்டாம்.

படி 5: தெர்மாமீட்டர் வைப்பது, அதைப் படிப்பது

நெற்றியில் புறங்கை வைத்துப் பார்ப்பதெல்லாம் சமயத்தில் ஏமாற்றிவிடும். ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். அக்குளை உலர்த்தி, முனையை நடுவில் வைத்து, கையை உடம்போடு சேர்த்துப் பிடித்து, ‘பீப்’ வரும் வரை காத்திருங்கள்.

பச்சிளம் குழந்தைக்கு 97.7 முதல் 99.5 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் மூன்று துணி சுற்றி, குல்லாவும் போட்டு வைத்திருந்தால் சூடு ஏறத்தான் செய்யும். துணியைக் குறைத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். இரண்டு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு அப்போதும் 99.5 அல்லது மேல் என்றால் காட்டியாக வேண்டும். 100.4 வந்துவிட்டால் இரண்டாம் முறை பார்க்கவெல்லாம் வேண்டாம். கீழேயும் ஓர் எல்லை உண்டு: 95.9-க்குக் கீழே போனாலும் அது காய்ச்சலுக்குச் சமமான எச்சரிக்கை. என் மகனுக்கு நடந்தது அதுதான். தொற்று முற்றும்போது பச்சிளம் உடம்பு சூடேறாமல் குளிர்ந்துபோவது உண்டு.

மூன்று முதல் ஆறு மாதம் வரை 102.2 டிகிரி வந்தால் அன்றைக்கே காட்டுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் எண்ணைவிட முகம்தான் முக்கியம்: மருந்து கொடுத்துச் சூடு இறங்கியதும் விளையாடுகிறதா? இறங்கியும் துவண்டு கிடந்தால் ‘மூன்று நாள் பார்க்கலாம்’ என்று காத்திருக்க வேண்டாம். மழைக்காலத்தில் இன்னொன்று. டெங்குவில் ஆபத்து, காய்ச்சல் விட்ட பிறகுதான் வரும். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கி, கை கால் சில்லிட்டு, ஓயாமல் வாந்தி எடுத்துச் சோர்ந்தால், ‘ஜுரம் விட்டாச்சு’ என்று உட்காராதீர்கள்.

தடுப்பூசி போட்ட ஒன்றிரண்டு நாளில் வரும் காய்ச்சல், குறிப்பாக 6, 10, 14 வார ஊசிகளுக்கு வருவது, பெரும்பாலும் தானாக அடங்கும். ஆனால் பால் குடி குறைந்தாலோ, இரண்டு நாளைத் தாண்டினாலோ ஊசியின் மேல் பழி போடாமல் காட்டுங்கள்.

பாரசிட்டமாலில் எங்கள் தெருவிலேயே தவறு நடந்திருக்கிறது. சொட்டு மருந்தில் 1 மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 125, சிலவற்றில் 250. மூத்த பிள்ளைக்கு எழுதிய ‘அரை மூடி சிரப்’ என்ற பழக்கத்தில் இளையதற்கு அதே அளவு சொட்டு மருந்தைக் கொடுத்தால் நாலு மடங்கு போய்விடும், ஈரல் தாங்காது. எடையைச் சொல்லி, எந்தப் பாட்டில் என்று காட்டி, எத்தனை மில்லி என்று எழுதி வாங்குங்கள். மூன்று மாதத்துக்குள் மருத்துவர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது. மருத்துவர் எழுதாமல் ஆஸ்பிரின் எந்தக் குழந்தைக்கும் கிடையாது.

படி 6: வயிறு

கக்குவதும் வாந்தியும் வேறு. வாய் ஓரம் வழிவது கக்கல். ஒவ்வொரு முறை குடித்ததும் தள்ளிப் போய் விழுவது மாதிரி பீறிட்டு, உடனே மறுபடி பசியோடு தேடினால், பிறந்து இரண்டு முதல் எட்டு வாரத்துக்குள் வரும் இரைப்பை வாய்ச் சுருக்கமாக இருக்கலாம். சின்ன அறுவை சிகிச்சையில் சரியாகும், ஆனால் நாள் கடத்தினால் உடம்பு வற்றிவிடும். இலைப்பச்சை நிறத்தில் வாந்தி வந்தால் குடல் முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம். அங்கே கணக்கு மணி நேரத்தில்தான்.

ஐந்து மாதம் முதல் ஒன்பது மாதம் வரை அதிகம் காணும் இன்னொன்று, குடல் குடலுக்குள் செருகுவது. நன்றாக இருந்த பிள்ளை திடீரென வீரிட்டு, கால்களை வயிற்றோடு மடக்கும். சில நிமிடத்தில் அடங்கி, வெளிறிக் கிடக்கும். கால் மணி, அரை மணி கழித்து மறுபடியும் அதே. கடைசியில் ரத்தமும் சளியும் கலந்து ஜெல்லி போல மலம் வரும். ஜெல்லி வரும் வரை காத்திருக்க வேண்டாம். விட்டு விட்டு வரும் அந்த அழுகையே போதும். ‘மாந்தம்’ என்று சொல்லி இழந்த பிள்ளைகளில் இதுவும் இருந்திருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

பேதிக்கு வருவோம். எத்தனை முறை போனது என்பதைவிட உடம்பில் எவ்வளவு நீர் மிச்சம் என்பதே கேள்வி. எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, அழுதால் கண்ணீர் இல்லை, கண் குழி விழுந்திருக்கிறது, தொப்புளுக்குப் பக்கத்தில் தோலைக் கிள்ளி விட்டால் இரண்டு விநாடிக்கு மேல் நின்று மெதுவாக இறங்குகிறது என்றால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மலத்தில் ரத்தம் வந்தாலும் அப்படியே.

குழந்தை விழிப்பாக இருந்தால் வழியிலும் ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைக் கரைசலும் தாய்ப்பாலும் நிற்கக் கூடாது. பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் முழுசாகக் கரையுங்கள். 200 மில்லிக்கான சின்ன பாக்கெட்டும் உண்டு, கவரைப் படியுங்கள். ‘கொஞ்சம் பவுடர் கொஞ்சம் தண்ணீர்’ என்று கண் அளவில் கலந்தால் உப்பு கூடி விபரீதமாகும். இரண்டு வயதுக்குள் ஒவ்வொரு பேதிக்கும் 50 முதல் 100 மில்லி, ஸ்பூன் ஸ்பூனாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, இன்னும் மெதுவாகத் தொடருங்கள். அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்புப் பானங்கள் வேண்டாம், சர்க்கரை பேதியைக் கூட்டும். அப்படிப்பட்டவற்றில் ஓ.ஆர்.எஸ். என்று அச்சடிப்பதை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடுத்தது.

‘பல் முளைக்குது, அதான் பேதி’ என்பது வீட்டுக்கு வீடு உள்ள விளக்கம். பல் முளைக்கும் வயதில் கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிறது, கிருமி போகிறது. பேதிக்குக் காரணம் அந்தக் கிருமி.

படி 7: பகல் வெளிச்சத்தில் நிறம் பாருங்கள்

மஞ்சள் காமாலை பாதிக்கு மேற்பட்ட பச்சிளம் குழந்தைகளுக்கு வரும், பெரும்பாலும் தானே போகும். ஜன்னலோரம் கொண்டுபோய் மூக்கு நுனியை அழுத்தி விட்டுப் பாருங்கள். மஞ்சள் முகத்தில் தொடங்கிக் கீழே இறங்கும். உள்ளங்கை, உள்ளங்கால் வரை வந்துவிட்டால் உடனே ரத்தப் பரிசோதனை வேண்டும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் வரும் மஞ்சளுக்கும், குழந்தை மந்தமாகிவிட்ட மஞ்சளுக்கும் காத்திருப்பே கிடையாது. அளவு மீறினால் மூளையையும் காதையும் பாதிக்கும். காலை வெயிலில் காட்டுவது, மருத்துவமனையில் தரும் நீல விளக்குச் சிகிச்சைக்கு ஈடாகாது.

பதினான்கு நாள் தாண்டியும் மஞ்சள் இருந்தால் மலத்தைப் பாருங்கள். வெளுத்து, சுண்ணாம்பு மாதிரி இருந்து, சிறுநீர் துணியில் மஞ்சள் கறை போட்டால் பித்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம். அதற்கான அறுவை சிகிச்சை 60 நாளுக்குள் நடந்தால்தான் பலன் அதிகம். ‘மூணு மாசத்துல சரியாகிடும்’ என்ற ஆறுதலில் அந்த 60 நாள் போய்விடும்.

தொப்புளைச் சுற்றித் தோல் சிவந்து பரவுவது, சீழ், நாற்றம் எல்லாம் அன்றே காட்ட வேண்டியவை. மஞ்சளும் எண்ணெயும் பவுடரும் அங்கே போடக் கூடாது. உடம்பில் சிவப்பு, ஊதாப் புள்ளிகள் வந்தால் கண்ணாடி டம்ளரை அழுத்தி வைத்துப் பாருங்கள். அழுத்தியும் நிறம் மறையாவிட்டால், கூடவே காய்ச்சலும் இருந்தால், ஓடுங்கள்.

படி 8: வலிப்பு வந்தால்

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை காய்ச்சலோடு வலிப்பு வரலாம். பார்க்கவே உயிர் போகும், ஆனால் பெரும்பாலும் மூளைக்கு ஒன்றும் ஆகாது. தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மணி பாருங்கள். கையில் சாவிக் கொத்து திணிப்பது, பல்லுக்கிடையில் கரண்டி வைப்பது, வெங்காயம் முகர வைப்பது, தண்ணீர் புகட்டுவது எதுவும் வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. முதல் வலிப்பு என்றால் நின்றுபோனாலும் காட்டுங்கள்.

ஆறு மாதத்துக்குள் எந்த வலிப்பும் அவசரம்தான். பச்சிளம் குழந்தைக்கு அது உதறலாகவே வராமலும் போகலாம்: கண் ஒரே பக்கம் நிலைக்கும், வாய் சப்புக் கொட்டும், கால் சைக்கிள் மிதிப்பது போல ஆடும். கையைப் பிடித்தால் நிற்பது வெறும் நடுக்கம். பிடித்தும் துடித்தால் வலிப்பு. முடிந்தால் ஒருவர் வீடியோ எடுக்கட்டும்.

படி 9: போவதற்கு முன் செய்யக் கூடாதவை

தாமதம் பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. தொக்கம் எடுக்க ஒரு நாள், உரம் தட்ட ஒரு நாள், திருஷ்டி கழிக்க ஒரு ராத்திரி. சுற்றிப் போடுவதில் தீங்கில்லை, இரண்டு நிமிட வேலை. தொண்டையில் விரல் விட்டுத் தொக்கம் எடுப்பதும், வயிற்றில் சூடு போடுவதும் காயம். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது நுரையீரலுக்குள் எண்ணெய் இறங்க வழி. பிறந்ததும் நாக்கில் சேனை தொட்டு வைக்கும் தேனில் ஒரு வயதுக்குள் இருக்கும் பிள்ளையைத் துவள வைக்கும் விஷக் கிருமி இருக்கலாம். வசம்பு, உரை மருந்து கொடுத்திருந்தால் திட்டுக்குப் பயந்து மறைக்காதீர்கள். சோர்வு நோயால் வந்ததா, கொடுத்த பொருளால் வந்ததா என்று மருத்துவர் பிரித்தறிய வேண்டும்.

இருமல் சிரப் கடையில் கேட்டு வாங்குவதும் இதே வகைதான். 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். காரணமான சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு இருந்தது. அது தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில்.

படி 10: கிளம்பும்போதும் அங்கே போனதும்

சின்னக் குழந்தையை வெறும் மேலாக, டயப்பரோடு அம்மாவின் நெஞ்சில் ஒட்டி வைத்து, மேலே போர்வை போட்டுக்கொள்ளுங்கள். வழியில் உடம்பு குளிராது. மூக்கும் வாயும் மூடாமல் இருக்கட்டும். விழிப்பாக இருந்தால் பால் கொடுத்துக்கொண்டே போகலாம். மயங்கியிருந்தாலோ மூச்சு வாங்கினாலோ வாயில் எதுவும் ஊற்றக் கூடாது.

தாய் சேய் நல அட்டை, பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டு, கொடுத்த மருந்துப் பாட்டில்கள், மலம் அல்லது வாந்தியின் போட்டோ, வீடியோ எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் இந்த வரிசையில் சொல்லுங்கள்: எத்தனை நாள் குழந்தை, நிறைமாதமா, பிறந்த எடை, கடைசியாக நன்றாகப் பால் குடித்த நேரம், கடைசிச் சிறுநீர், எண்ணிய மூச்சு, பார்த்த சூடு, கொடுத்த மருந்துகள். ‘ஒரு மாதிரியா இருக்குங்க டாக்டர்’ என்று தொடங்கினால் நாலாம் நிமிடத்தில்தான் விஷயத்துக்கு வருவோம். எனக்கு அப்படித்தான் ஆனது.

வீட்டுக்கு அனுப்பினால் எழுந்து வருவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: “எது நடந்தா, எத்தனை மணி நேரத்துக்குள்ள திரும்பி வரணும்?” பதிலை அட்டையின் பின்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். திரும்பி வந்த பிறகும் பால் குடி ஏறவில்லை, விழிக்கவில்லை என்றால் அதே இடத்துக்கோ இன்னும் பெரிய இடத்துக்கோ அன்றைக்கே மறுபடி போங்கள். ‘இப்பத்தானே வந்துட்டுப் போனீங்க’ என்று கேட்பார்கள். எங்களையும் கேட்டார்கள். மாமியார், “ஆமாங்க, இப்பவும் முழிக்கலைங்க” என்று சொல்லிக் குழந்தையை மேசையில் படுக்க வைத்துவிட்டார்.